ஷைஸர் கோட்டையின் முதிய வீரர்

சிலுவைப் போர்கள் பற்றி நம் இல்லங்களில் பேச்செழுந்தால் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் திருப்பெயரே முதலில் நினைவிற்கு வரும். ஹித்தீன் போர்க்களமும், 1187-ஆம் ஆண்டில் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டதும், அவ்வேளையில் சுல்தான் காட்டிய பெருந்தன்மையும் நாம் பன்முறை படித்தும் கேட்டும் மகிழ்ந்தவை. ஆனால் அந்த வெற்றிச் செய்தி டமாஸ்கஸ் எனும் திமிஷ்க் நகரை எட்டிய நாளில், அங்கே தொண்ணூறைக் கடந்த முதியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. பைத்துல் முகத்தஸ் பரங்கியர் கையில் வீழ்ந்தபோது அவர் நான்கு வயதுச் சிறுவர். அது மீண்டபோதும் உயிரோடிருந்தார். இடைப்பட்ட எண்பத்தெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் குதிரையின் மீது கழித்தார். அவர்தாம் உஸாமா இப்னு முன்கித்.

பரங்கியர் என்றோம். இச்சொல்லை நம் தமிழ் மக்கள் போர்த்துக்கீசியரைச் சுட்ட வழங்கினர். பின்னர் வெள்ளையர் எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று. அரபியர் சிலுவைப் போராளிகளைக் குறித்த ‘இஃப்ரஞ்ச்’ என்னும் அதே சொல்தான் கடல் கடந்து வந்து நம் நாவில் பரங்கியாகத் திரிந்தது. எனவே உஸாமாவின் பகைவரை நாம் பரங்கியர் என்றே அழைப்பதில் பிழையொன்றுமில்லை.

ஷாம் நாட்டில் ஹமா நகருக்கு வடமேற்கே, அல்-ஆஸி ஆற்றங்கரைக் குன்றொன்றின் மேல் ஷைஸர் என்னும் கோட்டை உள்ளது. கினானா குலத்தைச் சேர்ந்த முன்கித் குடும்பத்தார் 1081-இல் அதனைப் பைஸாந்தியரிடமிருந்து பெற்றனர். அங்கே 1095-இல், ஹிஜ்ரி 488-இல் உஸாமா பிறந்தார். ஐரோப்பாவில் போப்பாண்டவர் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்ததும் அதே 1095-இல்தான். தந்தையார் முர்ஷித், கோட்டையின் ஆட்சியுரிமை தம்மை வந்தடைந்தபோது அதனை ஏற்காமல் இளைய சகோதரர் சுல்தானுக்கு விட்டுக்கொடுத்தவர். பகலில் வேட்டை அல்லது போர், இரவில் திருக்குர்ஆனைக் கையால் பிரதி எடுத்தல் என்று வாழ்ந்த அவர், நாற்பதுக்கும் மேற்பட்ட முழுப் பிரதிகளை எழுதி முடித்திருந்தார். ஈட்டி பிடித்த கையே எழுதுகோலும் பிடித்தது என்று படிக்கும்போது, மத்ரஸாக்களில் எழுத்தாணியும் ஏடுமாகக் காலம் கழித்த நம் போன்றோருக்கு உள்ளம் சிலிர்க்காமல் இராது.

உஸாமா தம் முதுமையில் இயற்றிய நூல் ‘கிதாபுல் இஃதிபார்’. ‘இஃதிபார்’ என்பதற்குப் படிப்பினை பெறுதல் என்று பொருள் கூறுவர். இதன் வேர்ச்சொல்லுக்கு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடத்தல் என்பது அடிப்படைப் பொருள். கண்ணால் கண்ட நிகழ்ச்சியிலிருந்து அதன் உட்பொருளுக்குக் கடந்து செல்வது இஃதிபார். சூரத்துல் ஹஷ்ரின் 2-ஆம் வசனத்தில் அறிவுடையோரை விளித்து அல்லாஹ் ஏவும் வினையும் இதுவே. கண்ணீரைக் குறிக்கும் ‘அப்ரத்’ என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததாகும். முதிய வீரர் தம் நூலுக்கு வெற்றியென்றோ வீரமென்றோ பெயரிடவில்லை என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்நூல் நமக்குக் கிட்டியது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியால்தான். ஸ்பெயின் நாட்டின் எஸ்கோரியல் நூலகத்தில் ஏனைய அரபு ஏடுகளுக்கிடையே கவனிப்பாரற்றுக் கிடந்த அதனை 1880-இல் ஹார்ட்விக் தெரன்பூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்து, 1886-இல் அச்சேற்றினார். முதல் ஏடுகள் சில தொலைந்துபோனதால் நூல் நடுவிலிருந்தே தொடங்குகிறது. முன்னுரையோ தோற்றுவாயோ இன்றி, கதவைத் திறந்ததும் போர்க்களத்தினுள் கால் வைத்தாற்போன்ற நிலை படிப்போருக்கு ஏற்பட்டுவிடுகிறது.

போர்வீரர் பற்றி மக்கள் கொண்டுள்ள எண்ணங்கள் எக்காலத்தும் ஏறக்குறைய ஒன்றே. துணிந்தவன் விரைவில் மடிவான், ஒதுங்கியவன் நெடுநாள் வாழ்வான் என்பது ஒன்று. வீரன் அஞ்சமாட்டான் என்பது மற்றொன்று. பகைவன் மனிதப் பண்பே இல்லாதவன் என்பது மூன்றாவது. நம் ஊர்களில்கூட, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பும் ஒருவரைச் சுற்றி உட்காருவோர் அவரிடம் எதிர்பார்ப்பது துப்பாக்கிக் கதைகளை மட்டுமே. அவர் குளிரைப் பற்றியும், கூட இருந்து இறந்தவனின் தாயாருக்குக் கடிதம் எழுதியதைப் பற்றியும் பேசத் தொடங்கினால் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவர். உஸாமாவின் நூலோ, எழுந்து போக முனையும் அத்தகையோரைக் கைபிடித்து இருத்திவைத்துச் சொல்வதுபோல் அமைந்திருக்கிறது.

துணிவு ஆயுளைக் குறைக்கும் என்னும் எண்ணத்தை அவர் மறுக்கும் முறையைப் பாருங்கள். வாதம் ஏதும் புரியாமல், கண்ட மரணங்களை வரிசையின்றி எடுத்துரைக்கிறார். பேருடல் படைத்த ஒருவர் வீட்டினுள் நுழைந்து உட்கார்ந்தபோது, துணியில் கிடந்த ஊசி தைத்து அதனாலேயே இறந்துபோனார். சிங்கத்தைக் கொன்ற ஒருவர், தேள் கொட்டி மாண்டார். இவற்றின் பக்கத்திலேயே, வாள்வெட்டும் ஈட்டிக்குத்தும் பட்டு உடல் பிளந்தும் பிழைத்து நெடுநாள் வாழ்ந்தோர் பலரை நிறுத்துகிறார். 1119-இல், அஃபாமியாவின் பரங்கியருடன் நடந்த போரில் அவரே முதன்முதல் களம் கண்டார். அன்று எதிரியொருவர் மீது ஈட்டியைப் பாய்ச்சி, அவர் இறந்தார் என்றே உறுதியாக நம்பினார். அந்த வீரரோ கவசங்களின் காப்பினால் பிழைத்துக்கொண்டார் என்பது பின்னரே தெரியவந்தது. கொன்றோம் என்று நினைத்தவன் கொல்லவில்லை. சாவான் என்று எண்ணப்பட்டவன் சாகவில்லை. தவணை அல்லாஹ்விடம் உள்ளது என்னும் நம் அகீதாவை மத்ரஸாவில் பாடமாகப் படிப்பது ஒருவகை. எழுபதாண்டுக் காலம் ஆயுதங்களுக்கிடையே வாழ்ந்து, உடலெங்கும் தழும்புகளோடு தொண்ணூறு வயதில் அமர்ந்து அதனைச் சொல்வது வேறொரு வகை.

அப்படிச் சொல்லும்போதும் அவர் முதுமையைப் போற்றவில்லை. சிங்கங்களின் மீது ஈட்டியை முறித்த கை, எழுதுகோலைப் பிடிக்க நடுங்குகிறதே என்று வியந்து வருந்துகிறார். மென்மெத்தையில் கிடக்கும் ஓய்வு அவருக்கு உவப்பளிக்கவில்லை. கைத்தடிகளைப் பற்றியே ‘கிதாபுல் அஸா’ என்று தனி நூல் ஒன்றையும் அவர் இயற்றினார். மூஸா (அலை) அவர்களின் கோல் முதல் தம் காலத்துக் கிழவர்களின் ஊன்றுகோல் வரை அதில் பேசப்படுகின்றன.

நம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் ‘படைப்போர்’ என்றே ஒரு வகை உண்டு. அவற்றை ராகமிட்டு ஓதக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. ஒரே வீச்சில் ஆயிரம் தலைகள் உருள்வதும், குருதி ஆறாகப் பெருகுவதும், எதிரிகள் பேரைக் கேட்டதுமே நடுங்குவதும் அப்பாடல்களின் மரபு. புலவர்களின் கற்பனைச் சிறப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. இலக்கியத்திற்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் அவற்றைக் கேட்டு வளரும் சிறுவன், போர் என்பது இப்படித்தான் இருக்கும் போலும் என்று எண்ணிக்கொள்கிறான். அவனிடம் உஸாமாவின் நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிப் பார்க்கலாம்: ஒற்றைப் பரங்கிக் குதிரைவீரன், முஸ்லிம் குதிரைவீரர் நால்வரை ஓட ஓட விரட்டினான். இதனை எழுதுகிறவர் பகைவரின் வரலாற்றாசிரியர் அல்லர். அந்த நால்வரின் தோழரே எழுதுகிறார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மேலும் ஒன்று சொல்கிறார்: ஊரார் பழித்த அந்த நால்வரும் அவ்வவமானத்திற்குப் பிறகு பெயர்பெற்ற வீரர்களாயினர். ஓடியவன் என்றும் கோழை, நின்றவன் என்றும் வீரன் என்று முத்திரை குத்தும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. அச்சமும் துணிவும் ஒரே மனிதனிடத்தில் மாறிமாறி வருவதை அவர் கண்டிருக்கிறார். திமிஷ்க்கில் ஒருநாள் பழக்கப்பட்ட சிங்கமொன்றின் முன் ஆடு ஒன்றை விட்டபோது, ஆடு முட்டிய முட்டில் சிங்கமே ஓடியதையும் கண்டு எழுதியிருக்கிறார்!

வீரம் ஆண்களுக்கே உரியது என்பதும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஆடவர் வெளியே சென்றிருந்த நேரம் பார்த்து இஸ்மாயீலியர் ஷைஸர் கோட்டையினுள் புகுந்தனர். அன்று உஸாமாவின் தாயார் வீட்டிலிருந்த வாள்களையும் கவசங்களையும் போரிடக்கூடியோருக்குப் பகிர்ந்தளித்தார். பிறகு தம் மகளை, பள்ளத்தாக்கை நோக்கிய மாடத்தின் விளிம்பில் உட்கார வைத்துத் தாம் அருகே அமர்ந்தார். பகைவர் உள்ளே வந்துவிட்டால் மகளைக் கீழே தள்ளிவிடுவது, சிறைப்பட விடுவதில்லை என்பதே அத்தாயின் முடிவு. ஃபுனூன் என்னும் முதிய பணிப்பெண் முகத்திரையை இழுத்து மூடிக்கொண்டு வாளேந்திக் களத்தில் இறங்கினார். இதனைப் படிக்கையில் பெருமிதமும் நடுக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. மாடத்தில் அமர்ந்திருந்த அப்பெண்ணின் மனநிலையை நூலாசிரியர் விவரிக்கவில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

அவருடைய பாட்டியார், தந்தையைப் பெற்ற அன்னை, ஏறத்தாழ நூறு வயது வாழ்ந்தவர். சிங்கமொன்றைக் கொன்று, அதன் தலையை ஏந்திக்கொண்டு கோட்டைக்கு வந்த இளம் உஸாமாவை ஊரே புகழ்ந்தது. அன்றிரவு பாட்டியார் மட்டும் கடிந்துகொண்டார். இத்தகைய செயல்களால் உன் பெரிய தகுதி எதுவும் உயரப் போவதில்லை, உன் சிறிய தந்தையின் நெஞ்சில் உன்மீது அச்சமும் வெறுப்புமே வளரும் என்பது அவருடைய எச்சரிக்கையின் கருத்து. அவ்வாறே நடந்தது. நெடுநாள் ஆண் வாரிசின்றி இருந்த ஆட்சியாளருக்குப் பிற்காலத்தில் புதல்வர் பிறக்கவே, அண்ணன் மக்களின் வீரம் அவருக்கு ஆபத்தாகத் தெரிந்தது. 1138-இல் உஸாமா ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். பரங்கியரால் ஆகாததைச் சொந்தக் குடும்பம் செய்து முடித்தது.

ஹஸனூன் என்னும் குர்து இளைஞரின் கதையை இங்குச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அந்தாக்கியாவின் அதிபர் தாங்க்ரெத் ஷைஸருடன் சமாதானம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஹஸனூன் குதிரைப் பந்தயத்தில் பரங்கியரை வென்றார். தாங்க்ரெத் அவருடைய ஆற்றலை மெச்சி மேலாடை வழங்கினார். எனக்கு மேலாடை வேண்டாம், என்றேனும் போரில் தங்களிடம் சிறைப்பட்டால் என்னை விடுவித்தருளும் வாக்குறுதியே வேண்டும் என்று இளைஞர் கேட்க, அவ்வாறே வாக்களிக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் சமாதானம் முறிந்தது, ஹஸனூன் சிறைப்பட்டார். கொடிய வதைக்குப் பிறகு, அவருடைய இடக்கண்ணைப் பறிக்க முனைந்தனர். தாங்க்ரெத் குறுக்கிட்டு, வலக்கண்ணைப் பறிக்கும்படி கட்டளையிட்டார். கேடயம் ஏந்துகையில் இடக்கண் மறைந்துவிடும். வலக்கண்ணும் இல்லையெனில் அவரால் ஒன்றையும் காண இயலாது அல்லவா? பின்னர் ஷைஸரார் ஹஸனூனை மீட்டனர். வீரப்பாடல்களில் இத்தகைய கணக்குகள் இடம்பெறுவதில்லை. உஸாமா இதனை ஆத்திரச் சொற்கள் இன்றி, வழக்குமன்றத்தில் சாட்சி கூறுவதைப் போலச் சொல்லிச் செல்கிறார்.

இத்தகைய கொடுமைகளைக் கண்டவர் பரங்கியரைப் பற்றி என்ன எழுதுவார்? அவர்கள் பெயர் வருமிடத்திலெல்லாம் அல்லாஹ்வின் சாபத்தை வேண்டத் தவறுவதில்லை. போர் புரியும் துணிவைத் தவிர வேறெந்தச் சிறப்பும் அவர்களிடம் இல்லை என்றும் எழுதுகிறார். ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவர்களில் சிலரைத் தம் நண்பர் என்கிறார். திமிஷ்க்கின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த முஈனுத்தீன் உனுர், பைத்துல் முகத்தஸை ஆண்ட மன்னர் ஃபுல்க்குடன் உடன்படிக்கை கொண்டிருந்த காலத்தில், உஸாமா தூதராகப் பரங்கியரின் நகரங்களுக்குப் பன்முறை சென்றுவந்தார். மஸ்ஜிதுல் அக்ஸா அப்போது ‘தாவிய்யா’ என்று அரபியர் அழைத்த டெம்ப்ளர் வீரர்களின் வசமிருந்தது. உஸாமா வரும்போதெல்லாம் அதன் பக்கத்திலிருந்த சிறிய பள்ளியைத் தொழுகைக்காக அவர்கள் ஒழித்துக் கொடுப்பர். ஒருநாள் அவர் தொழுதுகொண்டிருக்கையில், ஒரு பரங்கி பாய்ந்து வந்து அவரைப் பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பினான். டெம்ப்ளர்கள் அவனை இழுத்துச் சென்றனர். அவன் மீண்டும் ஓடிவந்து அவ்வாறே செய்தான். அவர்கள் அவனை வெளியேற்றிவிட்டு உஸாமாவிடம் மன்னிப்பு வேண்டினர். இவன் நாட்டிலிருந்து அண்மையில்தான் வந்தவன், கிழக்கு நோக்காமல் தொழுவோரைக் கண்டதில்லை என்று விளக்கமும் சொன்னார்களாம். களத்தில் நெடுநாள் எதிரெதிரே நின்றவர்கள் ஒருவரையொருவர் ஓரளவு புரிந்துகொண்டுள்ளனர். புதிதாக வந்திறங்கியவனுக்கே வெறி மிகுதியாக இருக்கிறது. உஸாமாவே இதனைப் பொது விதியாக எழுதியும் வைத்துள்ளார்.

பரங்கிகளின் வைத்தியம் பற்றிய கதை மிகப் பரவலானது. உஸாமாவின் சிறிய தந்தையார், தம் மருத்துவர் ஸாபித்தைப் பரங்கியர் கோட்டையான முனைதிராவிற்கு அனுப்பினார். அவர் மருந்திட்டு ஆற்றிக்கொண்டிருந்த காற்புண்ணைப் பரங்கி வைத்தியன் கோடரியால் வெட்டச் செய்தான், சித்தம் கலங்கிய பெண்ணின் தலையைச் சிலுவை வடிவில் கீறி உப்பைத் தேய்த்தான், இருவரும் மாண்டனர். நம் மேடைகளில் பரங்கியரின் அறியாமைக்குச் சான்றாக இக்கதை எடுத்துரைக்கப்படுவதுண்டு. இரண்டு செய்திகளை மட்டும் அப்போது விட்டுவிடுவர். அந்த ஸாபித் ஒரு கிறிஸ்தவர் என்பது முதலாவது. இக்கதையை அடுத்தே, பரங்கி வைத்தியம் பலித்த நிகழ்ச்சிகளையும் உஸாமா எழுதியுள்ளார் என்பது இரண்டாவது. காலில் புண்பட்ட பரங்கி ஒருவருக்குக் காடியால் கழுவியே குணம் கிட்டியது; ஷைஸரைச் சேர்ந்த சிறுவனின் கழுத்துக் கண்டமாலை, பரங்கி ஒருவர் கற்பித்த மருந்தால் ஆறியது. அம்மருந்தை உஸாமா தாமே பிறருக்கும் பயன்படுத்திப் பலன் கண்டார். இதற்கு எதிராக, அக்ஸா நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு உஸாமாவைப் பரங்கியரின் தோழராகவே காட்டுவோரும் உளர். இருசாராரும் அவருடைய நூலில் பாதியையே படித்தவர்கள் என்பது நம் கருத்து.

நீதி வழங்குவதிலும் அவர் கண்டதை மறைக்கவில்லை. சமாதானக் காலத்தில் பான்யாஸ் அதிபர் ஆட்டு மந்தைகளைக் கவர்ந்துகொண்டபோது, உஸாமா மன்னர் ஃபுல்க்கிடம் முறையிட்டார். மன்னர் தம் வீரர்கள் சிலரைத் தீர்ப்புச் சொல்லப் பணித்தார். அவர்கள் கூடிக் கலந்து பேசி இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்க்க, 400 தீனார் கைக்கு வந்தது. அத்தீர்ப்பை மன்னரே மாற்ற இயலாது என்பதைக் குறிப்பாக எழுதுகிறார். அதே காலத்தில்தான், மக்ரிபிலிருந்து வந்த கப்பலொன்றில் பரங்கியரிடம் சிறைப்பட்ட ஹாஜிகளைத் தம் பணத்தைக் கொடுத்தும் முஈனுத்தீன் பேராலும் மீட்கும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். நண்பர் என்ற சொல்லுக்கு அவருடைய உலகில் என்ன பொருள் என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தே உணரவேண்டும். அவரைச் சகோதரர் என்றழைத்த பரங்கி வீரர் ஒருவர், நாடு திரும்பும்போது உஸாமாவின் பதினான்கு வயது மகனைத் தம்முடன் அனுப்பும்படி அன்போடு கேட்டார்; வீரமும் அறிவும் கற்றுவரட்டும் என்றார். உஸாமா உள்ளூரத் திடுக்கிட்டார். ஆயினும் நட்பு முறியாதவாறு, பாட்டி இவனைப் பிரிந்து இருக்கமாட்டார், திரும்ப அழைத்துவருவதாக அவரிடம் சத்தியம் செய்துள்ளேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

இவ்வளவு உண்மை பேசும் முதியவர், ஓரிடத்தில் மட்டும் நம்மை ஐயத்தில் விட்டுவிடுகிறார். 1144 முதல் 1154 வரை அவர் எகிப்தில், ஃபாத்திமிய்யாக்களின் அவையில் இருந்தார். 1154-இல் கலீஃபா ளாஃபிர் கொலையுண்டார். அக்கொலைக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் உஸாமாவும் ஒருவர் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதுகிறார். உஸாமாவின் நூலிலோ அவர் வெறும் பார்வையாளராகவே தோன்றுகிறார். போர்க்களத்தில் தம்மவர் ஓடியதை மறைக்காதவர், அரண்மனையில் நடந்ததை முழுதும் சொன்னாரா? நமக்கு அவர்மீதுள்ள மதிப்பு இவ்வினாவைக் கேட்பதற்குத் தடையாகக் கூடாது. களத்தின் குற்றம் எல்லார் கண்முன்னும் நிகழ்வது; அவையின் குற்றமோ திரைக்குப் பின்னால் நிகழ்வது.

எகிப்திலிருந்து தப்பி திமிஷ்க் வந்தபின், மனைவி மக்களை வரவழைக்க மன்னர் பால்ட்வினிடம் பாதுகாப்பு முறி பெற்றார். கப்பல் அக்காவை நெருங்கியதும் மன்னரின் ஆட்களே அதனைக் கோடரியால் உடைத்துப் பொருள்களைக் கொள்ளையிட்டனர். பாதுகாப்பு முறி செல்லாக்காசாயிற்று. வழிச்செலவுக்கு 500 தீனார் கொடுத்துக் குடும்பத்தாரை அனுப்பினர். பிள்ளைகளும் பெண்களும் நலமாக வந்ததால் பொருளிழப்பு பொறுக்கக்கூடியதாயிற்று. ஆனால் அதில் போன 4,000 நூல்களின் துயரம் மட்டும் வாழ்நாள் முழுதும் ஆறவில்லை என்கிறார். ஏடுகளோடு வாழ்ந்த எவருக்கும் இதன் பொருள் விளங்கும்.

1157-இல், ஹிஜ்ரி 552-இல், ஷாம் நாட்டைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. ஷைஸர் கோட்டையில் கத்னா விருந்திற்காக முன்கித் குடும்பத்தார் அனைவரும் ஒரே கூரையின் கீழ்க் கூடியிருந்தனர். கூரை அவர்கள்மீதே இடிந்து வீழ்ந்தது. ஆட்சியாளரின் மனைவி ஒருவரைத் தவிர அங்கிருந்த எவரும் பிழைக்கவில்லை. துரத்தப்பட்டதால் உயிர் தப்பிய உஸாமா, பாழடைந்த வீடுகளைப் பாடும் அரபுக் கவிதைகளைத் திரட்டி ‘அல்-மனாஸில் வத்-தியார்’ என்னும் பெருந்தொகுப்பு ஒன்றை ஆக்கினார்.

பின்னர் நூருத்தீன் ஸன்கீயின் படையோடு 1164-இல் ஹாரிம் முற்றுகையில் பங்கேற்றார். அதன்பின் பத்தாண்டுகள் ஹிஸ்னு கைஃபாவில் ஒதுங்கி வாழ்ந்து நூல்கள் இயற்றினார். 1174-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அவரைத் திமிஷ்க்கிற்கு அழைத்து வீடும் மானியமும் வழங்கினார். அன்று பரங்கி நாட்டிற்கு அனுப்பாமல் காத்துக்கொண்ட மகன் முர்ஹஃப், சுல்தானின் நெருங்கிய தோழராக விளங்கினார். தந்தையோ நடக்க இயலாதவராய் இல்லத்தில் இருந்துகொண்டு, தம் நூலின் முடிவில் சுல்தானை வாழ்த்தி எழுதினார்.

1188-ஆம் ஆண்டின் இறுதியில், ஹிஜ்ரி 584 ரமளான் மாதத்தில், அவர் தம் படுக்கையிலேயே இறையடி சேர்ந்தார். காஸியூன் மலைச்சாரலில், யஸீத் ஆற்றங்கரையை ஒட்டி நல்லடக்கம் செய்யப்பட்டார். அடுத்த நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்லிகான் அக்கப்றுக்குச் சென்று, அருகே அமர்ந்து திருக்குர்ஆனிலிருந்து சிறிது ஓதி, அவருக்காக அல்லாஹ்வின் அருளை வேண்டியதாகத் தம் நூலில் குறித்திருக்கிறார்.